"மூன்றே வருடத்தில் கனடா குடியுரிமை" என்கிறார் ஏஜெண்ட், நம்பலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 34. ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை, மனைவியும் பட்டதாரி, வேலைக்குப் போகிறார். மகளுக்கு ஐந்து வயது. மாரத்தஹள்ளியில் ஓர் ஏஜெண்ட் "மூன்றே வருடத்தில் கனடா சிட்டிசன்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. கும்பகோணம் பக்கத்தில் அம்மா தனியாக இருக்கிறார், ஒரு வீடும் கொஞ்சம் நஞ்சையும் அங்கே உண்டு. குடியுரிமை வாங்கினால் இதெல்லாம் கையை விட்டுப் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. போனால் திரும்பி வர வழி இருக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அல்சூர் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் 17 வருடம் வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களின் காகிதங்களைப் பார்த்தவன். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அனுபவக் கடிதம், திருமணப் பதிவு என்று குடும்பம் குடும்பமாகச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை, கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகரும் இல்லை. அதனால் சட்டத்தில் எழுதியிருப்பதையும் கண்ணால் பார்த்ததையும் உறுதியாகச் சொல்வேன். உங்களுக்கு அழைப்பு வருமா, எப்போது வரும் என்பதை நான் சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும்.

முதலில் பி.ஆரையும் குடியுரிமையையும் தனித்தனியாக வையுங்கள். பி.ஆர். என்றால் அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கி வேலை செய்ய அனுமதி. அதை வாங்கிய பிறகும் நீங்கள் இந்தியக் குடிமகன்தான், கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு, தேர்தலன்று ஊருக்கு வந்தால் ஓட்டுக்கூடப் போடலாம். குடியுரிமை வேறு. 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, நீங்களாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துபோகிறது. இரட்டைக் குடியுரிமை நம் சட்டத்தில் கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை இரட்டைக் குடியுரிமை என்று உங்கள் ஏஜெண்ட் சொல்லியிருந்தால் அது தவறு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்ய வேண்டியதில்லை. நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. பி.ஆரிலேயே நின்றுகொண்டவர்களும் நிறையப் பேர் உண்டு.

சரி, மூன்று வருடக் கணக்குக்கு வருகிறேன். கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் உடலோடு அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். மூன்று வருடம் என்பது இதிலிருந்து வருகிறது. ஆனால் அது தொடங்குவதற்கு முன்னால் ஆங்கிலத் தேர்வு, பட்டத்தை மதிப்பிடுவது, காத்திருப்பு, பி.ஆர். விண்ணப்பம் எல்லாம் இருக்கின்றன. பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தை அவர்கள் பரிசீலிக்கும் மாதங்கள் இருக்கின்றன. அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்த ஒவ்வொரு நாளும் கணக்கிலிருந்து கழியும். பி.ஆர். வாங்குவதற்கு முன் வேலை அனுமதியில் அங்கே இருந்த நாள்கள் அரை நாளாகத்தான் சேரும், அதுவும் அதிகபட்சம் 365 நாள் வரை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியவர்கள் மூன்று வருடத்துக்குச் செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மொழித் தகுதியும், 20 கேள்விகளில் 15 சரியாகச் சொல்ல வேண்டிய ஒரு தேர்வும் உண்டு. எல்லாம் தடையில்லாமல் நடந்தாலே இன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. பி.ஆரைத் தக்கவைக்கவும் நாள் கணக்கு இருக்கிறது: ஐந்து வருடத்தில் 730 நாள். போய் இறங்கி அட்டையை வாங்கிக்கொண்டு, பழைய வேலைக்கே பெங்களூருக்குத் திரும்பி, கடைசியில் இந்த 730 நாளில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பி.ஆருக்கே நீங்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் வரிசைப்படி பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு விடும் முறை. அதில் மொத்தம் 1,200 மதிப்பெண், அதில் 600 மாகாண நியமனம் (ஒரு மாகாண அரசு தனக்கு வேண்டியவரைப் பரிந்துரைப்பது) போன்றவற்றுக்கு. நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். மனைவியோடு போகும் 34 வயதுக்காரருக்கு வயதுக்கு 75, இளங்கலைப் பட்டத்துக்கு 112. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் 116. பட்டமும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு 25, மூன்று வருடத்துக்கு மேலான அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு 50. மனைவியின் பட்டத்துக்கு 8, அவரும் அதே அளவு ஆங்கிலம் எழுதினால் 20. கூட்டினால் 406. கனடாவுக்குள்ளேயே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு 2025-இல் வந்த அழைப்புகள் 500-க்கு மேல்தான் நின்றன. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூடுதல் மதிப்பெண்ணையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்களுக்கு 5 குறையும். ஏஜெண்ட் இந்தக் கூட்டல் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டினாரா? காட்டவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. வழி இருக்கிறது, உழைப்பு வேண்டும். மனைவி உங்களைவிட இளையவர் என்றால் அவரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பல குடும்பங்களில் அப்படித்தான் கணக்குக் கூடியது. இன்னொரு வழி பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனியாக அழைப்பு விடுகிறார்கள், 2025 மார்ச்சில் அந்தப் பிரிவில் அழைப்புக்கான மதிப்பெண் 379 வரை இறங்கியது. வசந்த் நகர் அலியான்ஸ் ஃபிரான்சேயில் வகுப்புகள் உண்டு. ஆனால் நான்கு திறனிலும் தேர்வு எழுதும் அளவுக்கு வர, வேலையையும் பார்த்துக்கொண்டு படித்தால், ஒன்றரை வருடமாவது ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்த எண் எங்கே நிற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கனடா வருடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டது. 2025-க்கு முதலில் 5 லட்சம் என்று அறிவித்திருந்ததை 3,95,000 ஆக்கினார்கள், 2026-க்கு 3,80,000.

ஏஜெண்டைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்ல முடியும். பணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காகக் கனடா குடியேற்றத் துறையிடம் பேச, அந்நாட்டு வழக்கறிஞர் சங்க உறுப்பினராகவோ கியூபெக் நோட்டரியாகவோ உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பெயரும் உரிம எண்ணும் 'காலேஜ்' என்று அழைக்கப்படும் அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எண்ணைக் கேளுங்கள், தேடிப் பாருங்கள். பெங்களூரில் பலகை மாட்டியிருக்கும் எல்லோரிடமும் அது இருப்பதில்லை.

கே.ஆர். புரத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார், எல்லாம் முடிந்த பிறகு. பழைய கம்பெனி வெறும் ரிலீவிங் லெட்டர்தான் கொடுத்திருந்தது. கனடாவுக்கு அது போதாது. என்ன வேலை செய்தார், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். அவருடைய ஏஜெண்ட், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, பழைய கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் தானே ஒரு கடிதம் தயார் செய்துவிட்டார். அங்கிருந்து சரிபார்த்தார்கள், கம்பெனி நாங்கள் கொடுக்கவில்லை என்றது. பொய்த் தகவல் தந்ததாகச் சொல்லி ஐந்து வருடத் தடை. அந்த மனிதர் செய்த வேலை உண்மை, வாங்கிய சம்பளம் உண்மை, அனுபவமும் உண்மை. கடிதம் மட்டும்தான் பொய். அவர் மனைவி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கம்பெனி விரிவான கடிதம் தர மறுத்தால், மேலாளர் அல்லது கூட வேலை பார்த்த மூத்தவர் எழுதிய கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பி.எஃப். கணக்கு விவரம், ஏன் கம்பெனிக் கடிதம் இல்லை என்ற ஒரு விளக்கம் என்று வைக்கலாம். இது ஏற்கப்படும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இதற்காக யாருக்கும் தடை வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் பெயர் விஷயம். நீங்கள் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என் அனுபவத்தில் நம் தமிழ்க் குடும்பங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அவருடைய அப்பா பெயரோ உங்கள் பெயரோ இருக்கும். மகளுக்கு உங்கள் பெயர் சர்நேம் ஆகியிருக்கும். ஆக, ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதம். நமக்கு இதில் எந்தக் குழப்பமும் தெரியாது. அங்கே கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒரு குடும்பம்தானா என்ற கேள்வி வரும்.

ஒற்றைப் பெயரோடு போனால் கனடா அந்தப் பெயரைச் சர்நேம் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தைக் காலியாக விடும். அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்று அச்சாகும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பதறினார்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். அதனால் எதையும் தொடங்குவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்யுங்கள். உங்கள் பெயர் ஓரிடத்தில், அப்பா பெயர் சர்நேம் இடத்தில். ஆதாரையும் பான் அட்டையையும் முதலில் அதேபோல ஆக்கிவிட்டுப் போனால் லால்பாக் ரோட்டிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள பாஸ்போர்ட் சேவா மையத்தில் கேள்விகள் குறையும். பாஸ்போர்ட்டில் இன்னும் கும்பகோணம் விலாசம் இருந்தால் அதையும் அப்போதே பெங்களூருக்கு மாற்றிவிடுங்கள், பின்னால் போலீஸ் சான்றிதழ் வாங்கும்போது அலைச்சல் குறையும். ஆன்சைட் போய் ஏதாவது நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால், கடந்த 10 வருடக் கணக்கில் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேண்டும்.

இந்த வரிசை முக்கியம். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் ஐ.இ.எல்.டி.எஸ். பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் தேர்வு முடிவில் பாஸ்போர்ட் பெயர்தான் இருக்கும், அது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் அப்படியேதான் இருக்கும், அதை மாற்ற மெனக்கெட வேண்டாம். இரண்டு விதமாக எழுதிய பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் ஆஸ்பத்திரி அனுப்பியதை வைத்துப் பதிவானதால், குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும் சான்றிதழ்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பெயர் சேர்ப்பது முதல் வேலை. திருமணம் கோயிலில் நடந்து பதிவு செய்யாமல் இருந்தால் அதுவும். தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

ஊர் நிலத்துக்கு வருகிறேன். இதில் பலர் குடியுரிமையைத்தான் எல்லைக்கோடு என்று நினைக்கிறார்கள். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ. ஆன அன்றிலிருந்தே, இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தாலும், புதிதாக விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கும் அதே விதிதான். ஆனால் இங்கே இருந்தபோது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடமிருந்து வாரிசாக வரும் நஞ்சையையும் வீட்டையும் பெற்றுக்கொள்ளலாம், குடியுரிமை மாறியிருந்தாலும்கூட. விற்கும்போது விவசாய நிலத்தை இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். ஆகவே நிலம் போய்விடாது. எனக்குக் கவலை வேறிடத்தில். பட்டா இன்னும் உங்கள் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கிறதா? அப்படியானால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாறுதலை நீங்கள் இங்கே இருக்கும்போதே முடியுங்கள். அந்த வாரிசுச் சான்றிதழிலும் உங்கள் பெயர் புதுப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். டொரண்டோவிலிருந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது பெரிய வேதனை. வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை தொடரலாம். வரி விவகாரத்துக்கு நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் கட்டம் வந்தால், அன்றைக்கு மகளை மனதில் வைத்து யோசியுங்கள். ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் விசா, வந்து போகலாம், தங்கலாம், தனியார் வேலை பார்க்கலாம். ஓட்டு இல்லை, அரசு வேலை பொதுவாக இல்லை. 2021 மார்ச் அறிவிப்புக்குப் பிறகு நீட், ஜே.இ.இ. போன்றவற்றில் என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். "பிள்ளை 18 வயதானதும் இந்தியக் குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தச் சலுகை குடியுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ் முறைப்படி அறிவித்துக் குடியுரிமையைத் துறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான், 9-ஆவது பிரிவில் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டு வேர் கொண்ட ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தின் வழக்கு அது. திரும்பி வர சட்டத்தில் வழி அடியோடு இல்லாமல் இல்லை. ஐந்து வருடம் ஓ.சி.ஐ. ஆக இருந்து, விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்தவர், மறுபடியும் இந்தியக் குடிமகனாகப் பதிவு கேட்கலாம். கொடுப்பது அரசின் விருப்பம், வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும்.

அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டம் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை, அழைப்பு வந்தவர்கள் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சூப்பர் விசா என்று ஒன்று உண்டு, அதற்கு நீங்கள் பி.ஆர். ஆக இருந்தாலே போதும். ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். உங்களுக்குக் குறிப்பிட்ட வருமானம் வேண்டும், அம்மாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வயதானவருக்கு அந்தப் பிரீமியம் கொஞ்ச நஞ்சமில்லை. காவிரிக்கரையில் வாழ்ந்தவர் ஜனவரி மாதத்து டொரண்டோவில் எத்தனை நாள் இருப்பார் என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும். அதனால் ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள். இந்த வெள்ளிக்கிழமை இரவே மடிவாளாவில் பஸ் ஏறுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எப்படியும் அவரிடம்தான் கேட்க வேண்டும், அப்பாவின் இறப்புச் சான்றிதழும் அவர் பீரோவில்தான் இருக்கும். அதில் அப்பா பெயரின் எழுத்துகள் உங்கள் ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வந்து எழுதுங்கள். அதை வைத்து ரீஇஷ்யூ விண்ணப்பத்தில் சர்நேமை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.